பைக்குள் பை

ஓர்லிகோனில் உள்ள என் அலுவலகத்தில் காலையிலிருந்து ஒரேயொரு எண்ணை வெளியே எடுக்கப் போராடிக்கொண்டிருந்தேன். யாரோ எழுதிவிட்டுப் போன கணினி நிரல். ஒரு லிஸ்டுக்குள் இன்னொரு லிஸ்ட், அதற்குள் டியூப்பிள் எனும் இன்னொரு பொதி, அதற்குள்தான் அந்த எண். ஒவ்வொரு தரமும் எண்ணுக்குப் பதிலாக முழு டியூப்பிளும் வந்து விழுந்தது. எரிச்சலில் கண்ணை மூடினேன். பக்கத்து மேசைக்காரி கைப்பையின் ஸிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது.

போருக்குத் தப்பி வந்து நாங்கள் லாங்கன்தாலில் குடியேறியிருந்த காலம், எனக்குப் பத்து வயது. அம்மா துப்புரவு வேலைக்குப் போயிருந்த நேரம் தம்பிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. அம்மாவின் வேலையிடத்துக்குப் போன் எடுத்தேன்.

"மருந்து எங்கையம்மா?"

"அலுமாரியிலை நீலப் பை. அதுக்குள்ளை சின்னப் பை. அதுக்குள்ளை ஒரு டப்பா, பிள்ளை."

நீலப் பைக்குள் மூன்று சின்னப் பைகள் இருந்தன. "எந்தச் சின்னப் பை?" என்று கத்தினேன்.

"பூப் போட்டது!"

தம்பியின் உதடு வெளிறிக்கொண்டிருந்தது. டப்பா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, உள்ளே இருந்த மூச்சு மருந்துக் குழாயை அவன் வாயில் வைத்து அழுத்தினேன். மெல்ல மெல்ல அவனுக்கு மூச்சு வந்தது.

ஓடி வந்த அம்மாவிடம், "ஏன் இப்பிடி ஒண்டுக்குள்ளை ஒண்டா வைக்கிறியள்?" என்று அழுதேன்.

"ஓடேக்கை எல்லாம் ஒரே பையிலை இருந்தால்தான் ஒண்டும் விடுபடாது."

"இனி எங்கையம்மா ஓடப்போறம்?"

அம்மா மருந்தை டப்பாவுக்குள்ளும், டப்பாவைப் பூப் பைக்குள்ளும், அதை நீலப் பைக்குள்ளும் வைத்து மூடினார்.

கண்ணைத் திறந்து, நிரலில் இன்னும் ஓர் அடுக்கு உள்ளே போனேன். எண் வந்தது. அந்தப் பத்து வயதுக் கோபம்தான் இன்னும் ஆறவில்லை.