முந்நூறு கதிரைகளுக்கும் ஒரே குறி

கதிரை வாடகைக்கு விடுவது என் தொழில். புங்குடுதீவில், எங்கள் வளவுக்குள் ஒரு தகரக் கொட்டகை போட்டு, நாற்பது பிளாஸ்ரிக் கதிரைகளோடு தொடங்கினேன். இன்றைக்கு முந்நூறு இருக்கின்றன. கலியாணவீடு, சாமத்தியவீடு என்றால் வாடகை. செத்தவீடு என்றால் கதிரையும் பந்தலும் சும்மா. என் கணவர் இறந்த அன்று, வந்த சனம் இருக்க இடமில்லாமல் முற்றத்து வெயிலில் நின்றது. அதைப் பார்த்த பிறகு நான் போட்ட சட்டம் இது.

அதற்காக என்னைப் பெரிய சேவையாளர் என்று யாராவது புகழ்ந்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். முதல் வருசம் நான் செய்த வேலை எனக்கல்லவா தெரியும். கடற்கரைப் பக்கத்தில் ஒரு செத்தவீடு. அந்தச் சனத்தின் வீடுகளில் எங்கள் ஆட்கள் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை. கால் வெடித்தது, கை உடைந்தது என்று கதிரைகளைப் பார்த்துப் பொறுக்கி, லான்ட்மாஸ்ரர் வண்டியில் ஏற்றி அனுப்பினேன். யாரும் சொல்லித் தரவில்லை. என் கை தானாகச் செய்தது. கதிரைகளைத் திருப்பிக் கொண்டுவந்த, செத்தவரின் மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அக்கா, உடைஞ்சதெல்லாம் எங்களுக்கெண்டு எடுத்து வச்சிருக்கிறியளோ?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. உடைந்தவற்றை அன்றைக்கே எறிந்தேன். அதன் பிறகு அடுக்கில் மேலே இருப்பதுதான் முதலில் போகும், யார் வீடாக இருந்தாலும்.

போன வருசம் லண்டனிலிருந்து ஒரு குடும்பம், மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீட்டை ஊரில் செய்ய வந்தது. முந்நூறு கதிரையும் பந்தலும் மூன்று நாளுக்கு வேண்டுமாம். பந்தலுக்கு மேலே போடும் என் படங்கு கிழிந்து கிடந்தது. மாரிக்கு முதல் புதிது வாங்காவிட்டால் செத்தவீடுகளில் சனம் நனையும். அந்த ஒரு வாடகை கிடைத்தால் வாங்கிவிடலாம். ஆகவே அந்தச் சாமத்தியவீடு எனக்குக் கட்டாயம் வேண்டியிருந்தது.

பிள்ளையின் தகப்பன் வந்து கதிரைகளைத் தட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, இதுகள் கடற்கரைப் பக்கமும் போறதோ?"

"ஓம் அண்ணை. போன கிழமையும் போனது."

அவர் முகம் சுருங்கியது. "நான் உதொண்டும் பாக்கிறேல்லை. பெரிசுகள் கதைக்குங்கள். அங்க போற கதிரையளுக்கு ஒரு குறியைப் போட்டு ஒதுக்கி வையும். நாளைக்கு வந்து மிச்சத்தைப் பாக்கிறன்."

லண்டன் பஸ்ஸில் இருக்கும்போது, தனக்கு முதல் அந்தச் சீற்றில் இருந்தவன் யார் என்று இவர் விசாரித்திருப்பாரோ? எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஒரு ரின் சிவப்புப் பெயின்ற் வாங்கினேன். அந்தக் கடற்கரைப் பக்கத்து மகளுக்குப் போன் எடுத்து விசயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தானும் ஒரு பிறஷ்ஷோடு வந்தாள். பின்னேரத்துக்குள் வேலை முடிந்தது.

அடுத்த நாள் அவர் வந்தார். முந்நூறு கதிரைகளின் முதுகிலும் ஒரே அளவில் சிவப்புப் பொட்டு.

"குறி போடச் சொன்னியள் அண்ணை. போட்டிட்டன்."

"எல்லாத்திலயும் கிடக்கு!"

"எல்லாந்தானே அங்க போறது."

"உமக்குப் பிழைக்கத் தெரியாது," என்றார்.

"இவ்வளவு நாளும் பிழைச்சுக்கொண்டுதான் இருக்கிறன்," என்றேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் அவருக்குக் கதிரை வந்தது. அவரைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று வீடுகள் என்னை விட்டன. படங்கு வாங்க முடியவில்லை. அது எனக்கு நோகவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பொட்டையும் நான் அழிக்கவில்லை.

மாரி மழையில், என்னோடு பெயின்ற் அடித்தவளின் மாமியார் செத்துப்போனார். கதிரைகளோடு நானும் போனேன். படங்கின் கிழிசலுக்குள்ளால் மழை ஒழுகியது. அவள் என் கதிரையை நனையாத பக்கம் இழுத்துப் போட்டு, தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். முகம் காட்ட வந்திருந்த எங்கள் ஆட்கள் ஒழுங்கையில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"உள்ளுக்க வந்து இருங்கோ!" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன். "கதிரை சும்மாதான்!"

ஒருவரும் அசையவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான் தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.