ஜூன் ஒன்றாம் தேதிப் பிரபலங்கள்

பாளையங்கோட்டையில் ஒரு கேபிள் டிவியில் ‘இன்று என்ன நாள்?’ நிகழ்ச்சி வாசிக்கச் சேர்ந்த முதல் நாள், முதலாளி எனக்குத் தந்த பயிற்சி இவ்வளவுதான்:

“செத்தவங்களைச் சோகமா வாசி, பொறந்தவங்களைச் சிரிச்சுக்கிட்டே வாசி. ரெண்டையும் மாத்திராதம்மா.”

அதை வைத்தே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். இப்போது நான் சீனியர். கன்டென்ட் எங்கே எடுப்பது என்று புதுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். நெட்டில்தான். அங்கே போட்டவன் இன்னொருவனிடம் எடுத்திருப்பான். உலகப் போருக்கு ஒரு ஸ்லைடு, மும்பை நடிகை பிறந்தநாளுக்கு மூன்று. களக்காட்டில் காற்றுக்கு வாழை சாய்ந்த செய்தியைப் பார்க்க உட்கார்ந்திருப்பவர், எந்தப் பாடகருக்கு என்ன வயது என்று தெரிந்துகொள்ளாமல் தப்ப முடியாது.

ஊர்ப் பிரபலம்

ஒருநாள் முதலாளிக்கு யோசனை வந்தது. “எங்கேயோ இருக்கவனுக்கு வாழ்த்துப் போட்டு நமக்கு என்ன கிடைக்கு? நம்ம ஊர்ப் பிரபலங்களுக்குப் போடுவோம்.”

விளம்பரம் தருபவர்தான் பிரபலம். ஒவ்வொருவருக்கும் போன் போட்டுத் தேதி கேட்டேன். கான்ட்ராக்டர், அல்வாக் கடைக்காரர், ஏரல் பாத்திரக்கடை அண்ணாச்சி என்று அறுபதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் ஜூன் ஒன்று என்றார்கள். எனக்கு உறுத்தியது. முதலாளியிடம் சொன்னேன்.

“ஆண்டவனாப் பாத்து ஒரே நாள்ல அனுப்பியிருக்கான். லைவ் ஸ்பெஷல் போட்டிருவோம்” என்றார்.

லைவ்

பட்டுச் சட்டையோடு பாத்திரக்கடை அண்ணாச்சி, முன்னால் கேக், பக்கத்தில் ஜோசியர். அண்ணாச்சி விளம்பரத்தில்தான் என் நிகழ்ச்சியே ஓடுகிறது. அது நின்றால் என் வேலையும் போய்விடும்.

“ஜூன் ஒண்ணுல பொறந்தவங்க பிறவித் தலைவர்கள்” என்று ஜோசியர் ஆரம்பித்தபோது போன் வந்தது.

“ஏரல் பள்ளிக்கூடத்து ஒண்ணாப்பு வாத்தியார் பேசுதேன். ஏலே, நல்லாருக்கியா?”

அண்ணாச்சி எழுந்தே நின்றுவிட்டார். “சார்!”

“அந்தத் தேதி நான் போட்டதுலே. ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கும்போது சேக்க அஞ்சு வயசு ஆகியிருக்கணும். தேதி தெரியாத பிள்ளைக்கெல்லாம் ஜூன் ஒண்ணுன்னு போட்டிருவோம். ஒன் வகுப்புல முக்கால்வாசிப் பேருக்கு அதான். ஒருத்தனும் தலைவன் ஆன மாதிரித் தெரியலையே!”

ஜோசியர் கேக்கைப் பார்த்தார். லைனை கட் பண்ணச் சொல்லி முதலாளி கேமராவுக்குப் பின்னால் நின்று கையை ஆட்டினார். நான் கட் பண்ணவில்லை.

அண்ணாச்சி மெல்லக் கேட்டார்: “அப்போ நான் எப்ப சார் பொறந்தேன்?”

“ஆத்து வெள்ளம் ஊருக்குள்ள வந்த அன்னைக்குன்னு ஒங்கம்மா சொன்னா. அதை எப்படிலே ரிஜிஸ்டர்ல எழுத?”

அண்ணாச்சி கர்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். பிறந்தநாள் நிகழ்ச்சியில் நான் சிரிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

பிறகு

“நாளையிலேருந்து வராதம்மா” என்றார் முதலாளி. மத்தியானம் அண்ணாச்சியே அவருக்குப் போன் செய்தார். “அந்தப் பிள்ளையை ஒண்ணும் சொல்லாதிரும் வே. விளம்பரம் ஓடட்டும். ஜூன்ல மட்டும் எனக்கு வாழ்த்து வேண்டாம். எப்ப வெள்ளம் ஊருக்குள்ள வருதோ அப்ப போடும்.”

என் வேலை தப்பியது. மழை பொய்த்த வருஷங்களில் அண்ணாச்சிக்கு வயது கூடவில்லை. முதலாளி மட்டும் ஐப்பசி பிறந்துவிட்டால் தினமும் பாலத்தில் நின்று தாமிரபரணியை எட்டிப் பார்த்துவிட்டு வருவார்.

ஒரு வருஷம் வெள்ளம் நிஜமாகவே ஏரலுக்குள் வந்தது. அண்ணாச்சி கடைக்குள்ளும் புகுந்தது. “சோகமா வாசிம்மா” என்றார் முதலாளி. எனக்கு மனசு கேட்கவில்லை. அண்ணாச்சியையே கூப்பிட்டேன்.

“குடம், அண்டா எல்லாம் ஆத்தோட போயிட்டு தாயி” என்றார். அப்புறம் அவரே சொன்னார்: “நீ சிரிச்சுக்கிட்டே வாசி. எங்கம்மா சொன்ன நாள் இதுதான்.”

பிள்ளைகளே, தேதியை நெட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சிரித்து வாசிப்பதா, சோகமாக வாசிப்பதா என்பதை மட்டும் சம்பந்தப்பட்ட ஆளிடம் கேளுங்கள்.