எந்த ஹெட்டில் போடுவது

கரோல் பாக் ஸ்கேன் சென்டரில் என் முறைக்குக் காத்திருந்தேன். விடாத தலைவலி. அதைப் பற்றிக் கண்டதையும் படித்து, என் படத்துக்கு எந்த மாலை எடுப்பாக இருக்கும் என்பதுவரை யோசித்து முடித்திருந்தேன். "முருகா" என்று நான் முனகியதும் பக்கத்து நாற்காலிப் பெரியவர் திரும்பினார். மத்திய அரசுக் கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்றவராம். வாயைத் திறக்குமுன் ஒவ்வொரு முறையும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஹெட் ஸ்கேனா?"

"ஆமா சார். ஹெட் ஆபீஸ்லயே கோளாறு."

அவர் சிரிக்கவில்லை. "எங்களுக்கு ஹெட்னா கணக்குத் தலைப்பு. மேஜர் ஹெட், மைனர் ஹெட், சப் ஹெட். எந்தச் செலவும் ஏதாவது ஒரு ஹெட்ல போயாகணும்."

எழுந்து கதவுவரை நடந்து திரும்பினேன். "என் பயத்தை எந்த ஹெட்ல போடுவீங்க?"

"சஸ்பென்ஸ் ஹெட். எதுன்னு தெரியற வரைக்கும் அங்கதான் கிடக்கும். அவசரப்பட்டு வேற ஹெட்ல ஏத்தக்கூடாது. உக்காருங்க."

அதற்குள் அவரை அழைத்தார்கள். உள்ளே உலோகம் கூடாது என்பதால் வாட்சையும் சாவியையும் என்னிடம் நீட்டினார்.

"கூட யாரும் வரலையா சார்?"

"வீட்ல சொல்லலை."

திரும்பி வந்தவர் என் வாட்சையும் போனையும் வாங்கிக்கொண்டு என்னை உள்ளே அனுப்பினார். வேலை முடிந்தும் அவர் போகவில்லை. நான் வெளியே வந்தபோது அதே நாற்காலியில் இருந்தார்.

"உங்க வீட்லேர்ந்து போன் வந்தது. நான் எடுக்கலை. ஜல்தி பேசுங்க, பயந்துண்டிருப்பா."

மறுநாள் என் ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை. அவர் தன் வீட்டில் சொன்னாரா என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.