மலாவிக்குப் போன கிரைண்டர்

வெளிநாட்டுக்குச் சேவை செய்யப் போகிறேன் என்று நான் சொன்னபோது என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "இட்லி இல்லாம ஒரு நாள் இருந்துருவியா அம்மணி?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கோவைப் பக்கம் துடியலூரைச் சுற்றியுள்ள மகளிர் குழுக்களுக்குப் பல வருடம் பயிற்சி கொடுத்தவள் நான். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுக் கிராமம் ஒன்றில் ஆறு மாதம் தங்கி, பெண்களுக்குக் குழு நடத்தக் கற்றுக்கொடுக்க ஒரு தொண்டு நிறுவனம் அழைத்திருந்தது. இருந்தாலும் அவர் கேட்டது உறுத்தியது. துணிமணியைக் குறைத்துக்கொண்டு, வீட்டிலிருந்த டேபிள் டாப் கிரைண்டரைப் பெட்டியில் வைத்துக் கட்டினேன். விமான நிலையத்தில் பெட்டியை எடைபோட்ட பையன், "ஏனுங்கம்மா, அந்த ஊர்ல கல்லே இல்லீங்களா?" என்றான்.

அந்த ஊரில் பெண்கள் நிலக்கடலையை உரலில் இடித்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சிக்கூடத்துச் சூரிய மின்சாரத்தில் நான் மாவாட்டுவதைப் பார்த்த ஒருத்தி, மறுநாள் ஒரு கிண்ணம் வறுத்த கடலையோடு வந்தாள். வெண்ணெய் மாதிரி அரைத்துக் கொடுத்தேன். அடுத்த வாரக் கூட்டத்தில் உட்கார இடமில்லை. என் பேச்சுக்குத்தான் இத்தனை பேர் என்று பூரித்துப்போய், தலைவியின் பொறுப்புகளைப் பற்றித் தொண்டை கிழியப் பேசினேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு கடலைக் கிண்ணம் இருந்தது.

ஆறு மாதம் முடிகிற சமயம் நிறுவனத்தின் அதிகாரி வந்தார். அவருக்குத் திருப்தி என்றால் இன்னும் ஒரு வருடம் இருக்கலாம். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அப்புறம் வீட்டுக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது?

"இவரிடம் என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று அதிகாரி கேட்டார்.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ஒருத்தி எழுந்து பேசினாள். உள்ளூர் ஆசிரியை அதை ஆங்கிலத்தில் சொன்னார்: "அந்த மிஷினை இவர் யாரையும் தொட விடுவதில்லை. அதனால் இவரும் இருந்துவிட்டுப் போகட்டும்."

ஒரு வருடம் நீட்டித்துவிட்டார்கள். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தோஷமும் தாங்கவில்லை. உடனே கணவருக்குப் போன் போட்டேன்.

"இன்னொரு வருசம் இருக்கச் சொல்லிப்போட்டாங்க. என்னைய உடவே மாட்டீங்கறாங்க."

அவர், "சரி, நீ இருந்துட்டு வா. இங்க கடை மாவு வாயில வெக்க முடியல. கிரைண்டர மட்டும் யாருகிட்டயாவது குடுத்து உடு அம்மணி" என்றார்.

"அது முடியாதுங்க. அது அங்க வந்துட்டா என்னைய இங்க யாருங்க வெச்சுக்குவாங்க?"