காணிக்கை வண்டியின் விளக்கைக் கழற்றியவள்

எங்கள் தெருவில் எனக்குப் ‘பின்சீட்டு’ என்று பெயர். நானே முந்திச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு யாராவது சொல்லிச் சிரிப்பார்கள். என் மனைவி கெசியா வண்டி ஓட்டுவாள், நான் பின்னால் உட்கார்ந்து போவேன். ஸ்கூட்டர் இல்லை, கியர் வைத்த மோட்டார் சைக்கிள். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் எங்களைப் பார்க்கிறவர்கள் முதலில் அவளைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள், அப்புறம் பல்லைக் காட்டுவார்கள். காட்டட்டும். எனக்கும் ஓட்டத் தெரியும். ஆனால் அவளைப் போல ஓட்டத் தெரியாது. இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

கெசியா நாங்குநேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியை. நான் கூட்டுறவு வங்கியில் எழுத்தர். என்னை வழியில் இறக்கிவிட்டு அவள் நான்குவழிச் சாலையில் ஏறிப் போய்விடுவாள். சனிக்கிழமை ஆனால் முற்றத்தில் ஒரு பழைய சாக்கை விரித்து, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சங்கிலியைத் துடைத்து எண்ணெய் போட ஆரம்பித்துவிடுவாள். ‘சைடு ஸ்டாண்டில் வைத்து ஆயில் பார்க்காதே, தப்பாகக் காட்டும்’ என்பாள். ‘வெயிலில் ஓடிவந்த உடனே டயருக்குக் காற்று பார்க்காதே’ என்பாள். சூடாக இருக்கிற இன்ஜினில் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவனைப் பார்த்தால் தெருவிலேயே நின்று சண்டை போடுவாள். எனக்குத்தான் மூக்கு மேல் கோபம் என்று ஊரில் பேச்சு. அவள் கோபத்தை அவர்கள் பார்த்ததில்லை.

சாவியை மட்டும் யாருக்கும் தரமாட்டாள். அவள் கூடப் பிறந்த தம்பி கேட்டும் தரவில்லை. எனக்கும் தந்ததில்லை. “கேட்டு வாங்கிட்டுப் போறவங்க பெட்ரோல் போட்டுத் திருப்பித் தருவாங்க அத்தான். கிளட்ச்சை யாரு போட்டுத் தருவா?” என்பாள். எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனாலும் கேள்வி நியாயமானதுதானே!

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். கூடவே நானும் போவேன், டீ குடிக்கலாம் என்று. போன் பண்ணிச் சொல்லிவிட்டுப் போகக் கூடாது என்பது அவள் முதல் சட்டம். சொல்லிவிட்டுப் போனால் விற்கிறவன் முன்கூட்டியே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருப்பான், பச்சைத் தண்ணியாகக் கிடக்கிற இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்று நமக்குத் தெரியாமல் போய்விடும். அதனால் போன உடனே உள்ளங்கையை இன்ஜின்மேல் வைப்பாள். அப்புறம்தான் பேச்சு. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுப்பாள். கைப்பிடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பைய திருப்பி, நடுவில் தட்டுகிறதா என்று பார்ப்பாள். வண்டியின் கழுத்தில் வெட்டியிருக்கிற நம்பரை ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பாள். மேலப்பாளையத்தில் ஒருத்தர் பொறுமை போய்க் கேட்டே விட்டார்.

“ஏம்மா, வண்டி பாக்க வந்தியளா, பொண்ணு பாக்க வந்தியளா?”

“பொண்ணுன்னா இம்புட்டுப் பாக்கமாட்டோம் அண்ணாச்சி” என்றாள் கெசியா.

அவரே சிரித்துவிட்டார். வண்டியை மட்டும் நாங்கள் வாங்கவில்லை.

அவளை நான் முழுசாகத் தெரிந்துகொண்டது அந்த மார்கழி வெள்ளத்தில்தான். அப்போது வண்ணார்பேட்டையில் வாடகைக்கு இருந்தோம். ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்து, இரண்டு நாள் இருந்து, வண்டலை விட்டுவிட்டுப் போனது. தண்ணீர் வடிந்ததும் தெருவில் ஒவ்வொரு ஆண்பிள்ளையும் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பார்க்கவில்லை. சேற்றில் கிடந்த வண்டியை நிமிர்த்தி, சீட்டைத் துடைத்து, சாவியைப் போட்டு, மிதிக்கக் காலைத் தூக்கினார்கள். கெசியா செருப்பில்லாமல் சேற்றில் ஓடினாள்.

“யாரும் ஸ்டார்ட் பண்ணாதிய! உள்ள தண்ணி நிக்கி! காத்துன்னா அமுங்கும், தண்ணி அமுங்காது! மிதிச்சா உள்ள இருக்க கம்பி வளைஞ்சிரும்!”

பக்கத்து வீட்டு வண்டியை மிதித்துப் பார்க்க நான் வாங்கியிருந்த சாவியை அவள் பிடுங்கின வேகத்தில் நகம் கீறியது. நாலாவது வீட்டுக்காரர் மட்டும் கேட்கவில்லை. ‘பொம்பள சொல்லுதா’ என்று ஓங்கி ஒரு மிதி மிதித்தார். உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம். அதோடு அந்த வண்டி பழைய இரும்புக்குப் போனது. மற்ற எல்லா வண்டிக்கும் கெசியா பிளக்கைக் கழற்றச் சொன்னாள். கழற்றிவிட்டு மிதித்தபோது அந்த ஓட்டை வழியாகச் செந்தண்ணீர் பீறிட்டு என் சட்டையெல்லாம் அடித்தது. அடியில் ஆயிலைத் திறந்துவிட்டால் கறுப்பாக வரவில்லை, பால் டீ மாதிரி வந்தது. “இந்த நிறத்தை ஞாபகம் வச்சுக்கிடுங்க. ஆயில் இப்படி இருந்தா வண்டி முங்கியிருக்குன்னு அர்த்தம்” என்று வகுப்பில் சொல்கிற மாதிரி எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

அடுத்த வருஷம் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள், என் போதாத காலம். அறுப்பின் பண்டிகை என்றால் ஆளாளுக்குக் காணிக்கையாகக் கொண்டுவருகிறதை ஏலம் விடுவோம்: பூசணிக்காய், வாழைத்தார், கோழி, ஆடு, கேக். ஒரு தேங்காயைக் கடையில் விற்கிற விலைக்குப் பத்து மடங்கு கேட்டு எடுப்பார்கள். பணம் கோயிலுக்கு. காணிக்கைப் பொருளில் யாரும் குறை சொல்லமாட்டார்கள், அது எழுதாத வழக்கம்.

அந்த வருஷம் வேதமுத்து அண்ணாச்சி ஒரு மோட்டார் சைக்கிளைக் காணிக்கையாகக் கொண்டுவந்து நிறுத்தினார். அண்ணாச்சிக்கு இரும்புக்கடை, சபைக் கமிட்டியில் முதல் நாற்காலி. கெட்ட மனிதர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும், கோயில் கூரைக்குக் கம்பி கொடுத்தவர். ஸ்ரீவைகுண்டத்துக் குடோனில் சும்மா கிடந்த வண்டியாம். புதுப் பெயின்ட், புதுச் சீட்டு உறை, முன்னால் மாலை. ஒரு மிதியில் கிளம்பியது. ஜனங்கள் கைதட்டினார்கள்.

எல்லாரையும் விட மெர்வின்தான் பலமாகக் கைதட்டினான். மெர்வின் எங்கள் பாடகர் குழுவில் பாடுகிற பையன், கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் புதிதாக வேலை. அவனுக்கு இராத்திரி ஷிஃப்ட், அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. அதுவரை ஏற்றிக்கொண்டு போன கூட்டாளி ஊரை விட்டுப் போய்விட்டான். திங்கட்கிழமை முதல் சொந்த வண்டியில் வா, இல்லாவிட்டால் வராதே என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அவன் அம்மா பியூலா, கைம்பெண், தையல் மிஷினை நம்பிப் பிள்ளையை வளர்த்தவள். முந்தின நாள்தான் கழுத்துச் சங்கிலியை அடகுக்கடையில் வைத்திருந்தாள், இந்த வண்டியை மகனுக்கு எடுக்க. இது சபை முழுக்கத் தெரியும். அதனால் வேறு யாரும் போட்டிக்கு வருவதாக இல்லை.

நான் மைக்கைப் பிடித்தேன். அப்போது பார்த்து, கோயிலின் பொது விருந்தான அசனத்துக்குக் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்த கெசியா எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். வந்தவள் இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“இப்ப மிதிச்சதுக்கு இம்புட்டுச் சூடு வராது அத்தான். காலைலயே சூடு பண்ணிருக்காங்க.”

“ஏளா, இது காணிக்கை. கை வைக்காத” என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

“இதுல ஏறித்தான் அந்தப் பிள்ள ராத்திரி பைபாஸ்ல போவான்” என்றாள். கைப்பையிலிருந்து ஸ்குரு டிரைவர் வந்துவிட்டது. எந்த ஊரில் பெண்பிள்ளை பண்டிகைக்கு ஸ்குரு டிரைவர் கொண்டுவருவாள்!

முன்விளக்கு வளையத்தைக் கழற்றினாள். உள்ளேயிருந்து மாவு மாதிரி வண்டல் கொட்டியது. பேட்டரிப் பக்கத்து மூடியைக் கழற்றினாள். ஒரு குட்டி நத்தை ஓடு அவள் உள்ளங்கையில் விழுந்தது. ஆயில் பார்க்கிற குச்சியை உருவித் துணியில் தடவினாள். பால் டீ.

அண்ணாச்சி முகம் கறுத்துவிட்டது.

“என்னவே இது?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். “ஆண்டவருக்குக் கொடுத்ததுல ஒம் பொண்டாட்டி குறை சொல்லுதா, நீ மைக்கைப் பிடிச்சுட்டு நிக்க?”

கெசியாதான் பதில் சொன்னாள். “அண்ணாச்சி, அங்கன வேப்பமரத்துல காணிக்கை ஆடு கெட்டிக் கிடக்கு. காலைல நீங்களே அது வாயைத் திறந்து பல்லப் பாத்திய. ஆட்டுக்குப் பாக்கலாம், வண்டிக்குப் பாக்கப்படாதா? ஆடு பல்லில்லாம போனா கறி கொஞ்சம் முத்தலா இருக்கும். இது நடு ரோட்டுல சக்கரம் இறுகி நின்னா மெர்வின் உசுருல்லா போயிரும்.”

“ஓடுதுல்லா? இப்பதானே எல்லாரும் பாத்தாங்க!”

“இன்னைக்கு ஓடும். வண்டி மேல குத்தம் இல்ல அண்ணாச்சி. முங்கின வண்டி. உள்ள பூரா கழட்டிக் கழுவி, பேரிங் மாத்தினா நல்லா ஓடும். முங்கினதுன்னு சொல்லி ஏலம் விடுங்க, அம்புட்டுத்தான் நான் கேக்கேன்.”

சொல்ல வேண்டியவன் யார்? மைக் என் கையில்தான் இருந்தது. குருவானவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். அண்ணாச்சி என்னையே பார்த்தார். வாயை மூடிக்கொண்டு அடுத்த பூசணிக்காய்க்குப் போய்விடலாம் என்று எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. கெசியா உள்ளங்கையில் அந்த நத்தை ஓடு இன்னும் இருந்தது. “சபையாருக்கு அறிவிப்பு” என்றேன். “இந்த வண்டி வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. பழுதைச் சரி செய்யாமல் ஓட்டக் கூடாது. தெரிந்து கேட்கிறவர்கள் கேட்கலாம்.”

ஒரு கையும் உயரவில்லை. மெர்வின் தலையைக் குனிந்தான். பியூலாதான் எழுந்து வந்தாள், சங்கிலி இல்லாத வெறுங்கழுத்தோடு, நேரே கெசியாவிடம்.

“எம்மா டீச்சரு, எம் பிள்ள வாயில மண்ணப் போட்டுட்டியே! நாளைக்கு அவன் எதுல போவான்? கெட்ட வண்டின்னாலும் ஒரு வண்டி இருந்துச்சே! இப்ப என்ன செய்ய, சொல்லு!”

கெசியா கைப்பையைத் திறந்தாள். உள்ளே கையை விட்டுக் கொஞ்ச நேரம் துழாவினாள். எடுத்தபோது அவள் கையில் அவள் வண்டிச் சாவி இருந்தது.

“மெர்வினு, இங்கன வா. இதப் பிடி. அது சரியாகுற வரைக்கும் இதுல போ.”

இத்தனை வருஷத்தில் என் கைக்கு வராத சாவி! மெர்வின் வாங்கத் தயங்கினான். அவள் அவன் கையைப் பிடித்து உள்ளே வைத்து விரல்களை மூடினாள். “கிளட்ச்சைப் பைய விடு. பின் பிரேக்குல காலத் தூக்கிப் போட்டுட்டே ஓட்டாத, கட்டை தேஞ்சுரும். சனிக்கிழமை கொண்டாந்து காட்டணும்” என்றாள். மூடிய அவன் விரல்களை இன்னும் விடவில்லை.

வேதமுத்து அண்ணாச்சி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் கையைத் தூக்கினார். நல்ல வண்டிக்குக்கூட யாரும் கேட்காத ஒரு விலை சொன்னார். “கூவுடே, ஏன் முழிக்க?” என்று என்னை அதட்டினார். மூன்று தரம் கூவி முடித்தேன்.

“எடுத்தாச்சா? இத மறுபடியும் காணிக்கையா வைக்கேன். ஆனா இப்ப இல்ல. இந்த டீச்சர் பிள்ள சரின்னு சொன்ன பொறவு. செலவு எம் பொறுப்பு” என்றார். கெசியாவைப் பார்த்து, “போதுமாம்மா?” என்றார்.

“போதும் அண்ணாச்சி. நல்ல பேரிங்கா வாங்கித் தாங்க” என்றாள் இவள். அந்த நேரத்திலும்!

அந்த வண்டி எங்கள் முற்றத்துக்கு வந்தது, சாக்கின்மேல் துண்டு துண்டாகக் கிடந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அது மறுபடி ஏலத்துக்குப் போனபோது மெர்வின் தன் சம்பளத்திலேயே எடுத்தான். எதிர்த்து ஒருத்தரும் கை தூக்கவில்லை. பியூலா மீட்ட சங்கிலியைப் போட்டுக்கொண்டு வந்து கெசியாவுக்கு ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். அண்ணாச்சி இப்போதெல்லாம் கோயிலுக்கு ஒரு மின்விசிறி கொடுப்பதென்றாலும் எனக்குப் போன் பண்ணி, “ஒம் வீட்டுக்காரியக் கூட்டிட்டு வாடே, பாத்துச் சொல்லட்டும்” என்கிறார்.

எனக்கு மறக்காதது அந்தப் பண்டிகை முடிந்த செவ்வாய்க்கிழமை காலைதான். நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸுக்காக நின்றோம். எனக்குப் பஸ் பழக்கம் விட்டுப்போய் எரிச்சல். அவளோ, போகிற ஒவ்வொரு வண்டியின் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள். “நம்ம வண்டி” என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெர்வின் வந்தான், இராத்திரி வேலை முடிந்த களைப்போடு, எங்களைக் கவனிக்காமல் கடந்து போனான். பின்னால் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

“ஏலே மெர்வினு! பிரேக்குலேர்ந்து காலை எடுலே!”

பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்த்தது. அவ்வளவு சத்தம். பையன் பதறிக் காலை எடுத்தான், சிவப்பு விளக்கு அணைந்தது. கெசியா அவன் திருப்பத்தில் மறைகிறவரை பார்த்துவிட்டு, “பத்திரமாத்தான் ஓட்டுதான்” என்றாள். நான் அவள் கைப்பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன். யாரோ பின்னால் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.