பிரிஞ்சாங்கில் தொங்கும் என் வலது கால்

என்னுடைய வலது கால் ஒரு மாதமாக எங்கள் மலையூரான பிரிஞ்சாங்கில் நடுச்சாலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கிறது. மேட்டுப் பள்ளியின் ஆண்டு விழாவுக்காகப் பழைய மாணவர் சங்கத்தார் கட்டிய பதாகை அது. விழா முடிந்தும் அவிழ்க்கவில்லை. கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளை அங்கி போட்ட கத்தோலிக்கத் துறவி, பிரதர் ஒருவர், மேடையில் முழங்காலிட்டிருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பையனின் காலை நோக்கிக் குனிந்திருக்கிறார். பார்க்கிறவர்களுக்கு, காலை முத்தமிடுகிறார் என்றுதான் தோன்றும். பையனின் முகம் பாதி இருட்டில் கிடக்கிறது. கால் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. படத்தைப் பெரிதாக்கியதில் என் பெருவிரல் ஒரு முட்டைக்கோஸ் அளவுக்கு வந்துவிட்டது. அடியில் 'பணிவே எங்கள் பாரம்பரியம்' என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறார்கள். கியா பார்ம் பூத்தோட்டத்தில் வேலை முடிந்து, தினமும் மாலையில் மோட்டார் சைக்கிளில் அதற்குக் கீழேதான் வீட்டுக்குப் போகிறேன். முதல் நாள் ஒரு பார்வை பார்த்ததோடு சரி. நேற்று வரை தலையைத் தூக்கியதில்லை. எனக்குப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. அதே படம் என் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது.

அந்தப் பள்ளியை எல்லாரும் புகழ்வார்கள். வெள்ளைக்காரப் பிரதர்கள் காட்டை வெட்டி, பலகைக் கொட்டகையில் தொடங்கி, பிறகு கல்லால் கட்டிய பள்ளி என்பார்கள். புனிதர்கள் பேரில் விளையாட்டு இல்லங்கள், சட்டைப் பையில் லத்தீன் வாசகம், அர்த்தம் தெரியாமலே எழுந்து நின்று பாடும் பள்ளிப் பாட்டு. எல்லாவற்றுக்கும் மேலே நடுப்பகல் மணி. கத்தோலிக்கர்கள் அதை மூவேளைச் செபம் என்பார்கள். பன்னிரண்டு மணிக்குச் சிற்றாலயத்து மணி அடித்தால், யாராக இருந்தாலும் எந்த மதமாக இருந்தாலும், நின்ற இடத்தில் நின்றபடி அசையாமல் இருக்க வேண்டும். ஓடுகிறவன் ஓடுகிற நிலையிலேயே நிற்பான். தண்ணீர் குடிக்கிறவன் கிளாஸை வாயருகே பிடித்தபடி நிற்பான். செபம் முடிந்து மறு மணி அடித்தால்தான் உயிர் வரும். பழைய மாணவர்கள் இதைச் சொல்லிச் சொல்லி உருகுகிறார்கள். எனக்கு அந்த மணி பிடிக்காது. இன்றைக்கும் எங்கேயாவது கோயில் மணியோ தேவாலய மணியோ கேட்டால் என் முதுகு விறைத்துக்கொள்கிறது.

பள்ளிக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. காரில் வரும் பையன்களுக்கு மேல்வாசல். தோட்ட லோரியில் வந்து இறங்கி, தேயிலைச் சரிவில் குறுக்கே நடந்து வரும் எங்களுக்குக் கீழ்வாசல். எங்கள் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியின் மகனும் என் வகுப்புதான். ஒரே தோட்டம், ஒரே மண். ஆனால் அவன் அப்பாவின் காரில் மேல்வாசல் வழியாக வருவான். கீழ்வாசலில் ஒரு குழாய் இருந்தது. மலைத்தண்ணீர். காலையில் கை வைத்தால் எலும்பு வரைக்கும் சுள்ளென்று ஏறும். நாங்கள் சப்பாத்தைக் கழற்றி, செம்மண் போகக் காலைக் கழுவி, மறுபடியும் மாட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். அங்கே தலைமையாசிரியர் நிற்பார். அவரைப் பெரிய பிரதர் என்போம். அவருக்குத் தெரிந்த தமிழ் ஒன்றிரண்டு சொல்தான். "சுத்தமா?" என்று கேட்பார். "சுத்தம், பிரதர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவோம். மேல்வாசலில் நின்று அவர் அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை. அவர் நல்லவர், கண்டிப்பானாலும் அன்பானவர் என்று எழுதுகிறவர்கள் எல்லாரும் மேல்வாசல் வழியாக வந்தவர்கள்.

தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்த என்னை அங்கே சேர்க்க, என் அம்மா கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, கூடையை முதுகிலிருந்து இறக்காமலே கிராணி வீட்டு வாசலில் போய் நிற்பாள். "என் பையன் மருந்து தெளிக்கிற டின்னத் தூக்கக் கூடாதுங்க" என்பாள். அது ஒன்றுதான் அவளுடைய கோரிக்கை. கடைசியில் கிராணி ஒரு வார்த்தை சொல்லி இடம் கிடைத்தது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வருகிறவர்கள் முதல் வருடம் படிக்கும் புகுமுக வகுப்பில் உட்கார்ந்தேன். எனக்கு வாய் வராது. யாராவது பேர் கேட்டாலே காது சூடாகிவிடும். ஆனால் படிப்பு வந்தது. அதை இங்கே சொல்லிக்கொள்கிறேன், வேறு எங்கேயும் சொன்னதில்லை.

பெரிய வியாழனை ஒட்டி அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். யேசு தம் சீடர்களின் காலைக் கழுவியதுபோல, பெரிய பிரதர் புதிய மாணவர்கள் பன்னிரண்டு பேரை மேடையில் உட்கார வைத்து அவர்கள் காலைக் கழுவுவார். துடைத்து முத்தமிடுவார். பெரும்பாலும் தோட்டத்துப் பையன்களாகத்தான் பொறுக்குவார்கள். ஏழைக் கால் இருந்தால்தானே பணிவு தெரியும். அந்த வருடம் நான் பன்னிரண்டாவது ஆள். முதல் நாள் இரவே அம்மா என் காலைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாள். காலையில் நல்ல மழை. கீழ்வாசல் குழாயிலும் கழுவினேன். "சுத்தமா?" என்றார். "சுத்தம், பிரதர்" என்றேன். சப்பாத்துக்குள் ஒரு அட்டை ஏறியிருந்தது எனக்குத் தெரியாது.

மேடையில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றியபோது அது கொழுத்து உருண்டு விழுந்தது. அட்டை கடித்தால் வலிக்காது, ரத்தம் மட்டும் நிற்காது. விரலிடுக்கிலிருந்து கோடு போட்டதுபோல் வழிந்தது. காலை எங்கே ஒளித்துவைப்பது? பிரதர் ஒவ்வொரு காலாகக் கழுவி, துடைத்து, முத்தமிட்டு வந்துகொண்டிருந்தார். என்னிடம் வந்து தண்ணீர் ஊற்றினார். கிண்ணத்தில் ரத்தம் நூலாக இறங்கியது. அவர் கை நின்றது. என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். "சுத்தம் இல்லை" என்றார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி இல்லை. முன்வரிசை வரைக்கும் கேட்டது. துண்டைக் கிண்ணத்தின் விளிம்பில் போட்டுவிட்டு எழுந்திருக்கப் போனார். அந்த நேரம் பார்த்துப் பன்னிரண்டு மணி அடித்தது. எழ முடியாது. முழங்காலிட்டபடியே தலையைக் குனிந்து செபத்தில் இறங்கினார். மண்டபமே உறைந்து நின்றது. டவுனிலிருந்து வந்திருந்த சீனப் போட்டோக்காரருக்கு இந்த வழக்கம் தெரியாது. அவர் மட்டும் நடந்து முன்னே வந்து படம் எடுத்தார். ஊரே முத்தம் என்று கொண்டாடும் படம் அதுதான். அந்தக் குனிவு கடவுளுக்கு. எனக்கு இல்லை.

முன்வரிசையில் இருந்தவன் கிராணி மகன். மறுநாளே அவன் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தான். மணி அடிக்கப் போகிற நேரம் பார்த்து நாலைந்து பேர் என்னைச் சுற்றி வந்து மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். மணி அடிக்கும். அப்புறம் அசையக் கூடாது அல்லவா? செபம் முடியும் வரை மூக்கைப் பிடித்தபடியே என்னைச் சுற்றி நிற்பார்கள். நானும் நகரக் கூடாது. ஆசிரியர்கள் தலை குனிந்து நிற்பார்கள். ஒருமுறை பெரிய பிரதர் எங்களுக்கு எதிரிலேயே நின்றார். அவர் கண் திறந்துதான் இருந்தது. மறு மணி அடித்ததும் அவர் பாட்டுக்குப் போய்விட்டார். நடு வருட லீவுக்குப் பிறகு நான் போகவில்லை. அம்மா விறகுக்கட்டையை எடுத்துக்கொண்டு லயத்து வீட்டு வரிசை முழுக்கத் துரத்தினாள். "வெள்ளக்காரன் ஒன் காலத் தொட்டு முத்தம் குடுத்தான்டா! அந்தப் பள்ளிக்கூடத்துக்கா போக மாட்டேங்குற?" என்று அழுதாள். கிராணி கொடுத்த படத்துக்குக் கண்ணாடி போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். விரலிடுக்கில் இருந்த கறுப்புக் கோட்டைக் காட்டி, "இது என்னடா?" என்று ஒருநாள் கேட்டாள். "போட்டோல கீறல்மா" என்றேன். அந்த வருடக் கடைசியில் மருந்து டின் என் முதுகில் ஏறியது. அம்மா சாகும் வரை அந்தப் படத்துக்குப் பொட்டு வைத்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன் கிராணி மகன் பூத்தோட்டத்துக்கு வந்தான். இப்போது டத்தோ பட்டம் வாங்கியவன், பழைய மாணவர் சங்கத் தலைவர். செவ்வந்திப் பாத்திக்கு நடுவே சேறு படாமல் நுனிக்காலில் நடந்து வந்தான்.

"டேய், இங்கதான் ஒளிஞ்சிருக்கியா? ஒன் கால் பேமஸ் ஆகப் போகுதுலா!"

"என்ன டத்தோ?"

"என்னடா டத்தோ கித்தோன்னுட்டு. ஒரே கிளாஸ்தானலா நாம" என்றான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். விழாவில் நான் மறுபடியும் மேடையில் உட்கார வேண்டும். இந்த முறை அவன் என் காலைக் கழுவுவான். முடிக்கிற நேரத்துக்குச் சரியாகப் பன்னிரண்டு மணி அடிக்கும். பள்ளியில் இப்போது அந்த மணி அடிப்பதில்லை. விழாவுக்காகவே துடைத்து மாட்டுகிறார்கள். பழைய மாணவர்கள் எல்லாரும் அந்தக் காலம்போல அசையாமல் நிற்பார்கள். "பழைய போட்டோ, புதுப் போட்டோ, ரெண்டையும் ஹால்ல ஜோடியா மாட்டிரலாம்டா. நீ ஒண்ணும் பேச வேணாம். ஒனக்குத்தான் பேச வராதே."

எனக்குக் காது சூடாகியது. இருந்தாலும் சொன்னேன். "அன்னைக்கு அவரு முத்தம் குடுக்கல."

"எனக்குத் தெரியாதா? முன்னால உக்காந்திருந்தவன்டா நான்." சிரித்தான். "போட்டோல குடுக்குற மாதிரிதான இருக்கு. அது போதும்லா."

"அதச் சொல்லிட்டுக் கழுவுறதா இருந்தா வர்றேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தான். "சரி சரி, சொல்லிருவோம்" என்றான். என் முதுகில் தட்டிவிட்டு, கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு போனான். வீட்டில் மனைவி கேட்டுவிட்டு, "சொல்லுவாருன்னா நம்புறீங்க?" என்றாள். நான் அலமாரியிலிருந்து நல்ல சட்டையை எடுத்துப் பார்த்தேன். "சரி, போறதுதான் போறீங்க. நகத்தையாவது வெட்டிக்கிட்டுப் போங்க" என்றாள்.

நான் மேல்வாசல் வழியாக உள்ளே போனது அந்த விழா நாளில்தான். கீழ்வாசலில் குழாய் இல்லை. அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். மண்டபம் நிறைய வழுக்கைத் தலைகளும் பெரிய வயிறுகளும். பெரிய பிரதரின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள், எங்கள் பூத்தோட்டத்துச் செவ்வந்திதான். கிராணி மகன் மைக்கைப் பிடித்தான். பிரதர்கள் மலை ஏறி வந்த கதையைச் சொன்னான். பிறகு என்னைக் காட்டினான். "இந்தத் தோட்டத்துப் பையனோட காலப் பெரிய பிரதர் எத்தனை அன்போட முத்தமிட்டாரு, இன்னும் என் கண்ணுல நிக்குது" என்றான். குரல் தழுதழுத்தது. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். நான் நாற்காலியில் ஒரு காலில் சப்பாத்தோடும் ஒரு கால் வெறுமையாகவும் உட்கார்ந்திருந்தேன். அவன் சொல்லுவான் என்று அந்தக் கடைசி வார்த்தை வரைக்கும் காத்திருந்தேன்.

அவன் முழங்காலிட்டான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அதற்கும் ஏற்பாடு செய்திருந்தார்கள். துண்டால் ஒற்றியெடுக்கிற சாக்கில் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "இன்னைக்காச்சும் சுத்தமாடா?" என்றான். சிரிப்பதற்காகத்தான் கேட்டான். அவனுக்கு அது வேடிக்கையான பழைய ஞாபகம்.

மணி அடித்தது.

மண்டபம் அப்படியே நின்றது. கிராணி மகன் குனிந்த தலையோடு உறைந்தான். கண்ணை மூடிக்கொண்டான். அவன் உச்சி வழுக்கை என் காலுக்குப் பக்கத்தில் பளபளத்தது. என் முதுகு வழக்கம்போல விறைத்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் இந்தப் பள்ளியின் பழைய மாணவன் இல்லை. பாதியில் போனவனை அவர்கள் சங்கத்தில் சேர்ப்பதில்லை. இந்த மணி என்னை எதற்குக் கட்ட வேண்டும்?

எழுந்தேன். காலுறையையும் சப்பாத்தையும் கையில் எடுத்துக்கொண்டேன். மேடைப் படியில் இறங்கி, நடு வழியாக நடந்தேன். இரண்டு பக்கமும் கூப்பிய கைகள், பாதி திறந்த வாய்கள். கண்கள் மட்டும் என்னோடு நகர்ந்தன. ஒருவர் "ஸ்ஸ்" என்றார், அதற்கு மேல் அவரால் முடியவில்லை. பலகைத் தரையில் சப்பாத்துக் கால் ஒரு சத்தம், வெறுங்கால் ஒரு சத்தம். வாசலில் திரும்பிப் பார்த்தேன். மேடையிலிருந்து என் வலது காலின் ஈரத் தடம் வரிசையாக வந்திருந்தது. மறு மணி அடிக்கும்போது நான் மோட்டாரில் இருந்தேன்.

புதிய படம் இரண்டு நாளில் எல்லார் போனுக்கும் வந்துவிட்டது. போட்டோக்காரருக்கு இந்த முறையும் வழக்கம் தெரியவில்லை போலிருக்கிறது. டத்தோ கண்ணை மூடி, ஒரு காலி நாற்காலியின் முன் குனிந்திருக்கிறார். மனைவி பார்த்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தாள். "யாரு வந்து உக்காருவான்னு காத்துருக்காரு?" என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

நேற்று மாலை பதாகைக்குக் கீழே மோட்டாரை நிறுத்தி, முதல் முறையாக நன்றாக அண்ணாந்து பார்த்தேன். பிரதரின் தலை, அங்கி, நாற்காலி, என் கால், எல்லாம் இருந்தது. விரலிடுக்கில் அந்தக் கோட்டைத் தேடினேன். இல்லை. வீட்டுப் படத்தில் அம்மா விரல் வைத்துக் கேட்ட கோடு, பதாகையில் இல்லை. கம்ப்யூட்டரில் அழித்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய கால், ஒரு புள்ளி அழுக்கு இல்லாமல் வெளுத்துப்போய்த் தொங்குகிறது.

கழுவித்தான் விட்டிருக்கிறார்கள்.