ரெண்டாவது கியரைப் பிடிக்க ஒரு ஆள்

இலங்கை மலைநாட்டுல, பதுளைக் கடைத்தெருவுல அந்த மாசம் எல்லாருக்கும் ஒரே பேச்சுத்தான். ஜவுளிக்கடை அம்மா கார் வாங்கி மூணே வாரத்துல கியர்ப் பெட்டியை உடைச்சுட்டாங்களாம். சொன்னவங்கள்ல பாதிப் பேருக்குக் கார்க் கதவைத் திறக்கவே தெரியாது. இன்னைக்கு நெனைச்சாலும் எனக்குப் பத்திக்கிட்டு வருது. நான் உடைக்கலை. அதை முதல்ல சொல்லிட்டுத்தான் மத்ததைச் சொல்லுவேன்.

என் புருஷன் காய்ச்சல்னு படுத்துப் பத்தே நாள்ல போய்ட்டாரு. கையில பத்து வயசுப் பொண்ணு, கடை நிறையத் துணி. அவரு இருந்தப்ப ஒவ்வொரு தேயிலைத் தோட்டத்துச் சம்பள நாளைக்கும் வாடகைக்கு ஹயர் கார் பிடிச்சு, சேலை மூட்டைகளை ஏத்திக்கிட்டுப் போய், தொழிலாளிங்க குடியிருக்கிற லயத்து வாசல்லயே விரிச்சு வித்துட்டு வருவாரு. எங்களுக்குச் சோறு போட்டது அந்த வியாபாரம்தான். அவருக்கப்புறம் நான் ஹயர் கார்க்காரங்க கையில மாட்டிக்கிட்டு முழிச்சேன். வரேன்னு சொன்னவன் வரமாட்டான். வந்தவன், பொம்பளைதானேன்னு பாதி வழியில இன்னொரு சவாரியை என் மூட்டை மேலயே ஏத்துவான். ஒருநாள் பசறைச் சந்தியில என்னை இறக்கி விட்டுட்டே போய்ட்டான் ஒருத்தன். அன்னைக்கு முடிவு பண்ணினேன், சொந்தமா ஒரு பழைய காராவது வாங்கிடறதுன்னு. ரேஸ் கோர்ஸ் திடல்ல ஓட்டிப் பழகி லைசனும் எடுத்தேன். வெள்ளைச் சேலைக்காரி ஸ்டியரிங் பிடிக்கிறாளேன்னு வேலியோரம் கூட்டமா நின்னு பார்த்தாங்க. பார்க்கட்டும்னு இன்னும் ரெண்டு சுத்து சுத்தினேன். அப்புறம் சீமைக்குத் திரும்பிப் போற ஒரு தோட்டத்துத் துரைகிட்ட அவரு காரை வாங்கினேன்.

என் புருஷனோட அண்ணன், அதாவது எனக்கு மூத்தார், பண்டாரவளையில கடை வச்சிருந்தாரு. எங்க குடும்பங்கள்ல தம்பி பொண்டாட்டி மூத்தார் முன்னால நிக்கக்கூடாது, நேருக்கு நேர் பேசக்கூடாது. கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷத்துல அவரு என்கிட்ட ஒரு வார்த்தை நேரா பேசினதில்ல. சுவரைப் பார்த்து, "இப்படின்னு அங்க சொல்லிடுங்க"ன்னு சொல்லுவாரு. நான் கதவுக்குப் பின்னால நின்னு, "சரின்னு சொல்லுங்க"ம்பேன். நடுவுல ஒரு ஆளும் இல்லாட்டியும் இப்படித்தான். அந்தச் சுவர் வழியாத்தான் ஒருநாள் தீர்ப்பு வந்துச்சு. இந்த நாட்டுல நமக்குப் பிரஜாவுரிமையும் இல்ல, ஒண்ணும் இல்ல. தாயும் பிள்ளையும் ஊருக்குக் கப்பலேறட்டும், பதுளைக் கடையை நான் பார்த்துக்கிறேன்னாரு.

ஊருன்னா ராமநாதபுரம் பக்கம். என் மக கண்ணால பார்க்காத ஊரு. அங்க போனா முதல் வேலையா பள்ளிக்கூடத்தை நிறுத்துவாங்க. வயசுக்கு வந்ததும் எவன் தலையிலயாவது கட்டிடுவாங்க. என்னை அப்படித்தான் கட்டினாங்க. என் மகளுக்கு அது நடக்க விடமாட்டேன்னு உள்ளுக்குள்ள கறுவிக்கிட்டேன். வெளியில, தீபாவளி வியாபாரத்தை நானே தனியா நடத்திக் காட்டுறேன், அப்புறம் பேசலாம்னு கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னேன். சரி, ஒரு தீபாவளி பார்க்கலாம்னு சுவர் ஒத்துக்கிடுச்சு.

அந்த நேரம் பார்த்துத்தான் கார் காலை வாரி விட்டுச்சு. இறக்கத்துல ரெண்டாவது கியரைப் போட்டுட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா போதும், கியர்க் கம்பி தானாத் துள்ளி வெளியில வந்துடும். கியர் இல்லாம மலை இறங்கினா பிரேக் ஒண்ணைத்தான் நம்பணும். அதுவும் சூடேறிட்டா, அப்புறம் கும்பிடுற சாமிதான்.

கராஜ் பாஸ், அதாவது மெக்கானிக், காரை ஒரு சுத்து சுத்தி வந்தாரு. எதையும் திறந்து பார்க்கலை. கிளச்சை முழுசா மிதிக்காம கியர் மாத்தியிருக்கீங்க, பொம்பளைக் காலுக்கு அதெல்லாம் வராதும்மான்னு சிரிச்சாரு.

"திறங்க," என்றேன். "திறந்து பார்த்துட்டுச் சிரிங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

அன்னைக்குக் கடையைச் சாத்திட்டு, அவரோட சாமான் பெட்டி மேல காலையில உக்காந்தவ மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கலை. கியர்ப் பெட்டியைக் கழட்டினாரு. எண்ணெய் வடியவேண்டிய ஓட்டையிலிருந்து கூழ் மாதிரி என்னமோ வந்துச்சு. மரத்தூள். கிரீஸோட பிசைஞ்சு அள்ளி அள்ளி அடைச்சு வச்சிருக்கான் பாவி. தேஞ்சு போன பல்லு சத்தம் போடாம இருக்க விற்கிறதுக்கு முன்னால செய்யிற வேலையாம் அது. தூள் அமுங்கினதும் வண்டி தன் குணத்தைக் காட்டிடுச்சு. வித்த துரை அந்நேரம் சீமைக்குப் போற கப்பல்ல காத்து வாங்கிக்கிட்டு இருந்திருப்பாரு. பெரிய மரியாதைக்காரர், சாவியை ரெண்டு கையாலயும் கொடுத்தாரு.

அந்தத் தூள்ல ஒரு பிடியைப் பேப்பர்ல மடிச்சுக் கொண்டுவந்து கடை மேசையில விரிச்சு வச்சேன். கியரைப் பத்தித் துக்கம் விசாரிக்க வந்தவங்களையெல்லாம் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். நாலு நாள்ல பேச்சு அடங்கிடுச்சு.

ஆனா பேச்சு அடங்கினா கியர் நிக்குமா? புதுப் பல்லு கொழும்புல இருந்து வர ஒரு மாசமாகும்னு பாஸ் சொன்னாரு. கொஸ்லந்தைத் தோட்டத்துல தீபாவளி முன்பணம் கொடுக்கிறது வர்ற வெள்ளிக்கிழமை. அந்தத் தோட்டத்தை விட்டா எனக்குத் தீபாவளியே கிடையாது. அவரே யோசிச்சு, பெட்டியைக் கழுவிப் பூட்டி, கியர்க் கம்பியைச் சைக்கிள் டியூபால சீட்டுக் காலோட இழுத்துக் கட்ட ஒரு வழி பண்ணிக் கொடுத்தாரு. இப்ப அவரு சிரிக்கலை.

விஷயம் மூத்தார் காதுக்குப் போயிடுச்சு. நம்ம வீட்டுப் பொம்பளை தனியா ரோட்டுல போனா ஊரு என்ன பேசும், நானும் வரேன்னு ஆள் விட்டாரு. பண்டாரவளையில ஏறி, பின் சீட்டுல மூட்டைகளுக்கு நடுவுல உக்காந்து, முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கிட்டாரு.

அப்புத்தளை வரைக்கும் ஒரு குறையும் இல்ல. அதைத் தாண்டி பெரகலை இறக்கத்துல மூணாவது வளைவு. பட்டுன்னு டியூப் அறுந்துச்சு. கம்பி துள்ளுச்சு. வண்டி கட்டவிழ்த்த மாடாட்டம் ஓட ஆரம்பிச்சுது. அந்த வளைவுல ஸ்டியரிங்குக்கே ரெண்டு கை பத்தாது. பிரேக்கை மிதிச்சேன், தீஞ்ச நாத்தம் வந்துச்சு. மலைப்பக்கத்துல தண்ணி ஓடுற கானுல சக்கரத்தை இறக்கி, மண்ணுல உரசி, எப்படியோ நிப்பாட்டிட்டேன். மூத்தார் குதிச்சிறங்கிச் சக்கரத்துக்குக் கல்லு வச்சாரு. எனக்கும் பயந்தான், இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன்.

அவரு மலையைப் பார்த்து நின்னுக்கிட்டு, பட்டதெல்லாம் போதும், பஸ் வந்ததும் ஏறித் திரும்பிடலாம், அப்படியே ஊருக்குக் கிளம்புற வழியையும் பார்க்கச் சொல்லி அங்க சொல்லுங்கன்னாரு. ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்திரம். தலை முக்காட்டை இறக்கி விட்டுட்டு, காரைச் சுத்தி வந்து அவரு முன்னால நின்னேன்.

"யாருகிட்டச் சொல்றீங்க? இங்க நானும் நீங்களுந்தான் இருக்கோம். நான் திரும்பப் போறதில்ல. என் மகளும் ஊருக்கு வரமாட்டா. முன்னால ஏறி உக்காந்து அந்தக் கம்பியைப் பிடிங்க. முடியாதுன்னா நான் முட்டியால அமுக்கிக்கிட்டே போறேன், நீங்க பஸ்ஸுல போங்க."

நான் ஏறி இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, கல்லை எடுங்கன்னேன். எடுத்தாரு. எடுத்த கல்லைக் கையில வச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னாரு. அப்புறம் அதைப் போட்டுட்டு முன் கதவைத் திறந்தாரு.

பிடிங்கன்னா ரெண்டு கையாலயும் பிடிப்பாரு, விடுங்கன்னா விடுவாரு. முதல்ல முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கிட்டுப் பிடிச்சாரு. ஒரு தடவை கம்பி வழுக்கினதும் அந்த மானமெல்லாம் போயிடுச்சு. ஒவ்வொரு வளைவுலயும் என் முழங்கை அவரு மேல இடிக்கும். அதுக்காகக் கையை எடுக்க அவருக்கும் வழியில்ல, எனக்கும் வழியில்ல. கொஸ்லந்தை போய்ச் சேர்றப்ப அவரு சட்டை தொப்பலா நனைஞ்சிருந்துச்சு.

காலையில வேலைக்கு ஆள் கூடுற பெரட்டுக்களத்துப் பக்கத்துல மூட்டையை அவிழ்த்ததும் பொம்பளைங்க மொய்ச்சுட்டாங்க. அப்ப தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்து மூத்தார்கிட்ட, "அடுத்த மாசத்துல இருந்து நீங்கதானே வருவீங்க? அம்மா ஊருக்குப் போறாங்கன்னு போன மாசமே சொன்னீங்களே, தோட்டத்துக்குள்ள வர்ற பெர்மிட்டுல உங்க பேரைப் போட்டுடவா?"ன்னு கேட்டாரு.

போன மாசமே! அப்ப ஒரு தீபாவளி பார்க்கலாம்னதெல்லாம் வெறும் கண்துடைப்புத்தான். மூத்தார் சிவந்துபோன உள்ளங்கையைப் பார்த்துக்கிட்டு நின்னாரு. அவரு என்ன சொல்லுவாரோன்னு நான் காத்துக்கிட்டு இருக்கலை.

"அடுத்த மாசமும் நாந்தான் வருவேன். என் பேரையே போடுங்க," என்றேன்.

கணக்கப்பிள்ளை மூத்தாரைப் பார்த்தாரு. மூத்தார் கீழ கிடந்த கஜக்கோலை எடுத்து, ரவுக்கைத் துணி கேட்டு நின்ன ஒருத்திக்கு அளந்து கொடுக்க ஆரம்பிச்சாரு. கணக்கப்பிள்ளை என் பேரை எழுதிக்கிட்டுப் போனாரு.

சாயங்காலம் புறப்படுறப்ப அவரு தானாவே முன் கதவைத் திறந்தாரு.

"அப்புத்தளை வரைக்கும் ஏத்தந்தான், கம்பி கழலாது," என்றேன். "நீங்க பின்னாலயே உக்காருங்க."

போய்ப் பின்னால ஏறினாரு. பெரகலை தாண்டி, அப்புத்தளைப் பனிக்குள்ள வண்டி முக்கி முக்கி ஏறிக்கிட்டு இருந்தப்ப, "பாப்பா அடுத்த வருஷம் எத்தனாவது?"ன்னு ஒரு குரல். சுவருக்கும் சொல்லலை, மலைக்கும் சொல்லலை. என்கிட்டயே கேட்டாரு.

"ஆறாவது," என்றேன். "பதுளையிலதான்."